வெள்ளவத்தை உணவகத்துக்கு ரோபோ பொருந்துமா?

நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் சைவ உணவகம் நடத்தும் உங்கள் மாமாவுக்குப் பரிமாற ஆட்கள் கிடைப்பதில்லை. சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுசெல்லும் ரோபோ ஒன்றை வாங்கும்படி விற்பனையாளர் ஒருவர் வற்புறுத்துகிறார். அதை வாங்கலாமா என்பது முதலாவது கேள்வி. சமையலறைக்குள்ளும் ரோபோக்கள் நுழைந்துவிட்ட காலத்தில், ஹோட்டல் முகாமைத்துவம் படிக்கும் நீங்கள் இந்தத் தொழிலை நம்பி இறங்கலாமா என்பது இரண்டாவது. வணிகச் சமையலறைகளுக்கான இயந்திரங்களை நிறுவிப் பராமரிப்பது என் தொழில் என்பதால், இரண்டுக்கும் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் முடிவு இதுதான்: மாமா இப்போது அந்த ரோபோவை வாங்க வேண்டாம். அதற்கென ஒதுக்கிய பணத்தின் ஒரு பகுதியைச் சமையலறையின் பின்கட்டில், மா பிசையும் இடத்திலும் பாத்திரம் கழுவும் இடத்திலும் போடட்டும். நீங்களோ தயங்காமல் படியுங்கள். ஆனால் அடுப்பை மட்டுமன்றி இயந்திரத்தையும் அறிந்தவராக வெளியே வாருங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, உலகில் எந்த இயந்திரம் நிலைத்தது, எது கைவிடப்பட்டது என்று பார்க்க வேண்டும். 1902இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹோர்ன் அன்ட் ஹார்டார்ட் நிறுவனம் திறந்த உணவகத்தில், நாணயத்தைப் போட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்து சாப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். 1958இல் ஒசாகாவில் யொஷியாகி ஷிராயிஷி என்பவர் சூஷித் தட்டுகளைச் சுழலும் பட்டியில் ஓடவிட்டார். 1981இல் ஜப்பானின் சுசுமோ நிறுவனம் சூஷிக்கான சோற்றுருண்டையை உருவாக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அது மீன் வெட்டுவதைத் தொடவில்லை, பதம் பார்ப்பதைத் தொடவில்லை. சோற்றை அளவாக எடுத்து இலேசாக அழுத்தி உருட்டும் ஒரேயொரு அசைவை மட்டும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வகை இயந்திரங்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மாறாக, 2015இல் ஜேர்மனியின் ஹனோவர் கண்காட்சியில் மோலி நிறுவனம் இரண்டு இயந்திரக் கைகளைக் காட்டியது. ஒரு சமையற்கலைஞரின் அசைவுகளைப் பதிவுசெய்து அப்படியே திருப்பிச் செய்த அந்தக் கைகள் நண்டுச் சூப் வைத்தன. உலகம் முழுவதும் செய்தியானது; உணவகச் சமையலறைகளில் அது பரவவில்லை. மனிதக் கையை முழுமையாகப் பார்த்துச் செய்ய முனைந்த இயந்திரத்தை விட, கையின் ஓர் அசைவை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்ட இயந்திரமே தொழிலில் ஊன்றி நின்றது. ஒரு சமையலறைக்குள் போனதும் நான் முதலில் தேடுவது அப்படிப் பிரித்தெடுக்கக்கூடிய அசைவுகளைத்தான்.

அண்மைக் காலத்துத் தோல்விகளும் இதையே காட்டுகின்றன. கலிபோர்னியாவில் 2015இல் தொடங்கிய சூம் என்ற நிறுவனம், ரோபோக்களைக் கொண்டு பீட்சா தயாரித்து, வழியிலேயே வாகனத்துக்குள் சுட்டுக் கொடுப்பதாகச் சொன்னது. 2018இல் ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சொஃப்ட் பேங்க் அதில் 375 மில்லியன் டொலரை முதலிட்டது. 2020இல் பீட்சாத் தொழிலைக் கைவிட்ட நிறுவனம், 2023இல் முற்றாக மூடப்பட்டது. அதே கலிபோர்னியாவில் 2018இல் ஃபிளிப்பி என்ற இயந்திரக் கை பேர்கர் புரட்டத் தொடங்கி, ஓரிரு நாட்களிலேயே தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. கை பழுதாகவில்லை, இறைச்சியை எடுத்து வைத்து, அடுக்கி, பொதி செய்து அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க, கூட நின்ற ஊழியர்களுக்கு அப்போது பயிற்சி போதவில்லை. பின்னர் அதே நிறுவனம் பொரிக்கும் எண்ணெய்த் தொட்டிக்கு அந்தக் கையை மாற்றியது. 2020இல் வைற் காசில் உணவகங்கள் அதைப் பரீட்சித்துப் பார்த்தன. கூடையை எண்ணெயில் இறக்கு, குறித்த நேரம் வரும்போது தூக்கு, உலுக்கு, கொட்டு என்று கொதிக்கும் எண்ணெயின் முன்னால் நாள் முழுவதும் நிற்கும் வேலை அது. மனிதருக்குக் கொடுமையாகவும் இயந்திரத்துக்கு எளிதாகவும் இருக்கும் வேலை என்றால் அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது உங்கள் மாமாவுக்குக் காட்டப்பட்டிருக்கும் ரோபோவுக்கு வருவோம். சீனாவின் பூடு, கீனோன் போன்ற நிறுவனங்கள் செய்யும் பரிமாறும் ரோபோக்கள் அடிப்படையில் தாமாக ஓடும் தட்டு அடுக்குகள். லேசர் கதிரை நாலாபுறமும் வீசித் தூரத்தை அளக்கும் உணரியும் ஆழத்தைப் பார்க்கும் கமராவும் அவற்றில் இருக்கும். நிறுவும் நாளில் கடையின் தளத்தை ஒருமுறை சுற்றிக் காட்டி வரைபடமாக்கிவிட்டால், அதன் பிறகு ஊழியர் தட்டுகளை அடுக்கி மேசை இலக்கத்தை அழுத்தினால் போதும். அது தானே வழி கண்டு போகும், ஆள் குறுக்கே வந்தால் நிற்கும் அல்லது விலகிச் செல்லும். பூனை முகம் காட்டும் பெல்லாபொட் என்ற வகை, நான்கு தட்டுகளில் மொத்தமாக 40 கிலோ வரை சுமக்கும். ஜப்பானின் ஸ்கைலார்க் குழுமம் 2022ஆம் ஆண்டின் இறுதிக்குள் இந்த வகையில் சுமார் 3,000 ரோபோக்களைத் தன் உணவகங்களில் இறக்கியது. ஆகவே இது விளையாட்டுப் பொருளும் அன்று, கண்காட்சிக்கு மட்டும் உரியதும் அன்று. பொருந்தும் இடத்தில் நன்றாகவே வேலை செய்கிறது.

பொருந்தும் இடம் எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்கைலார்க்கின் குடும்ப உணவகங்களில் தளம் ஒரே மட்டத்தில் இருக்கும், இருக்கைகள் பெரும்பாலும் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும், மேசையிலிருக்கும் திரையில் வாடிக்கையாளரே ஓடர் கொடுத்துவிடுவார், சாப்பாடு ஒரே தட்டில் முழுமையாக வந்துவிடும். வெள்ளவத்தையின் காலி வீதியில் உள்ள நம் கடைகளை எண்ணிப் பாருங்கள். முகப்பு ஒடுங்கி, உள்ளே நீண்டு போகும் கட்டடங்கள். வாசலில் ஒரு படி, முன்கூடத்துக்கும் பின்கூடத்துக்கும் நடுவில் இன்னொரு படி, மேல்மாடிக்குச் செல்ல ஒருவர் மட்டுமே ஏறக்கூடிய படிக்கட்டு. இத்தகைய ரோபோ ஒன்று தாராளமாகப் போக ஏறத்தாழ 70 சென்ரிமீற்றர் வழி வேண்டும். மதிய நேரத்தில் கதிரைகள் பின்னால் தள்ளப்பட்டிருக்கும்போது அந்த இடைவெளி பல கடைகளில் இராது. கடை பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சுவர் முழுவதும் கண்ணாடி பதித்திருப்பார்கள். லேசர் உணரிக்கு அந்தக் கண்ணாடி சுவராகத் தெரியாது, அப்பால் இன்னொரு கூடம் இருப்பதாகவே தெரியும். அதற்காகக் கண்ணாடியின் அடிப்பகுதியில் ஒட்டுத்தாள் ஒட்ட வேண்டி வரும். கை கழுவும் தொட்டியருகே எப்போதும் ஈரம், எப்போதும் ஆட்கள். இவற்றில் எதுவும் தீர்க்க முடியாத சிக்கல் அன்று. ஆனால் இத்தனையையும் தீர்க்கும் செலவு விற்பனையாளர் கொடுக்கும் விலைப்பட்டியலில் இருப்பதில்லை.

அதைவிட முக்கியமானது, நம் சைவக் கடைகளில் பரிமாறுபவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பது. காலையில் ஒருவர் வந்து அமர்ந்ததும், அவர் கேட்காமலே ஒரு தட்டில் உழுந்து வடையும் பருப்பு வடையும் வாய்ப்பனும் சூசியமுமாக அடுக்கிக் கொண்டுவந்து வைக்கிறார். வந்தவர் இரண்டை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார். அவர் எழுந்து போகும்போது பரிமாறுபவர் தட்டில் மிஞ்சியதை ஒரு பார்வையில் எண்ணி, வைத்ததிலிருந்து கழித்து, தோசைக்கும் தேநீருக்கும் சேர்த்துக் கணக்கைக் காசாளருக்குச் சொல்கிறார். இடையில் சாம்பார் வாளியோடு நடந்துகொண்டே யாருடைய தட்டில் சாம்பார் தீர்ந்தது, யார் சம்பலைத் தொடவே இல்லை, எந்தக் குழந்தைக்கு உறைப்பு ஆகாது என்று பார்த்துக்கொண்டே போகிறார். தட்டைச் சமையலறையிலிருந்து மேசைக்குக் கொண்டுவருவது அவருடைய வேலையில் மிகச் சிறிய பங்கு. ரோபோ எடுத்துக்கொள்வது அந்தப் பங்கை மட்டும்தான். அதுவும் மேசையருகே வந்து நின்றுவிடும். தட்டைத் தூக்கி வாடிக்கையாளர் முன் வைக்க அதற்குக் கையில்லை. சக்கர நாற்காலியில் வந்தவரும் கைக்குழந்தையோடு வந்த தாயும் சூடான தட்டைத் தாமே எடுக்க வேண்டும்.

பணக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். இத்தகைய ரோபோக்களுக்குப் பொதுவாகப் பத்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் அமெரிக்க டொலர் வரை விலை கேட்கப்படுகிறது. நடுவே 15,000 டொலர் என்று வைத்து, டொலருக்கு 300 ரூபாய் என்று கணக்கிட்டால் 45 இலட்சம் ரூபாய். 18 சதவீதப் பெறுமதி சேர் வரியைச் சேர்த்தால் 53 இலட்சத்தைத் தாண்டுகிறது. ஏனைய இறக்குமதிச் செலவுகளை நான் சேர்க்கவில்லை. பரிமாறுபவர் ஒருவருக்கு மாதம் 60,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். இது சட்டம் விதிக்கும் தேசிய குறைந்தபட்ச வேதனத்தை விட மிக அதிகம். அந்த வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம் சேர்த்தால் மாதம் 69,000, ஆண்டுக்கு 828,000 ரூபாய். ரோபோ ஓர் ஆளின் வேலையை முழுதாகச் செய்தாலும் போட்ட காசு திரும்ப ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். பாதி வேலையையே செய்கிறது என்றால் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள். அதற்குள் மின்கலத்தை மாற்ற வேண்டி வரும், சக்கரங்கள் தேயும், மென்பொருளைப் புதுப்பித்துத் தருவதை நிறுவனமே நிறுத்தியிருக்கவும் கூடும். இதே ரோபோவைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோங்கள். அங்கே 2024 ஏப்ரல் முதல் பெரிய துரித உணவுச் சங்கிலிகளில் மணித்தியாலத்துக்கு 20 டொலர் குறைந்தபட்சக் கூலி. வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 டொலர். பாதி ஆளின் வேலையைச் செய்தால்கூட ஏழெட்டு மாதங்களில் காசு திரும்பிவிடும். அங்கே வெற்றி பெற்றது என்று விற்பனையாளர் காட்டும் காணொளி பொய்யன்று; அந்த வெற்றிக்குக் காரணமான கூலி இங்கே இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் ஆள் கிடைக்காத குறைக்கு என்ன வழி என்று மாமா கேட்பார். அந்தக் குறை உண்மையானது. 2022இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றார்கள். கடையில் நின்ற இளைஞர்கள் பலரும் அவர்களுள் அடங்குவர். கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளை மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்து, கடையின் மேல்மாடியிலேயே தங்கி உழைக்கும் பிள்ளைகள்தான் நெடுங்காலமாகத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் ஏன் நிற்பதில்லை என்று கேட்டால் பெரும்பாலும் வருவது பரிமாறும் வேலை பற்றிய முறைப்பாடு அன்று. அதிகாலை எழுந்து பத்துப் பதினைந்து கிலோ மாவைக் கையால் பிசைய வேண்டியிருப்பது, இரவு பதினொரு மணிக்கும் குனிந்து நின்று பாத்திரம் கழுவ வேண்டியிருப்பது, புகையும் எண்ணெய்ச் சூடும்தான் அவர்களை விரட்டுகின்றன. ஆகவே ஆட்களைத் தக்கவைக்க விரும்பும் முதலாளி இயந்திரத்தை முதலில் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை மேலிருந்து இறக்கி மூடும் வணிக வகை, ஓரிரு நிமிடத்தில் ஒரு தட்டுக்கூடையைக் கழுவி, கடைசியில் 82 பாகை செல்சியஸ் அளவுள்ள வெந்நீரால் அலசிவிடும். கையால் அந்தச் சூட்டைத் தாங்கி யாரும் கழுவ முடியாது. நம் கடைகளில் தட்டின் மேல் பொலித்தீன் தாள் விரித்துச் சாப்பாடு பரிமாறும் வழக்கம் வந்ததற்கு ஒரு காரணமே, தட்டைச் சரியாகக் கழுவி முடியாது என்பதுதான். சூடான சோறும் குழம்பும் பொலித்தீனில் படுவது நல்லதன்று. அந்தத் தாள்கள் 2017 செப்டெம்பரில் தடை செய்யப்பட்ட பிறகும் வழக்கம் முற்றாக ஒழியவில்லை. தட்டு உண்மையாகவே சுத்தமாக வருமானால் தாளுக்கு வேலையில்லை. வாடிக்கையாளருக்கு, ஊழியருக்கு, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு, கடையின் செலவுக்கு என்று நான்கு பக்கமும் நன்மை தரும் இயந்திரம் இது. பூனை முகம் இல்லாததால் யாரும் இதைப் படம் பிடித்துப் பகிர்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இடியப்பமும் அவ்வாறே. கொழும்பில் காலையில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போகும் இடியப்பத்தில் ஒரு பங்கை, மாவைத் தானே அழுத்திப் பிழிந்து தட்டில் விழுத்தும் இயந்திரங்கள்தான் செய்கின்றன. இங்கேயே செய்யப்படும் இயந்திரங்களும் இருக்கின்றன. உரலை அழுத்திப் பிழிவது தோளைக் கொல்லும் வேலை; ஒரே அசைவு, ஒரே அளவு, நாள்தோறும் ஆயிரக்கணக்கில். ஜப்பானியச் சோற்றுருண்டைக்குப் பொருந்திய அதே நியாயம் இங்கே இடியப்பத்துக்கும் பொருந்துகிறது. தோசைக்கு இவ்வளவு எளிதாகப் பொருந்தாது. தென்னிந்தியாவில் தோசை வார்க்கும் இயந்திரங்கள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. மெல்லிய, மொறுமொறுப்பான தோசைக்கு ஏற்ற, சீராக ஓடும் மாவை எண்ணி அமைக்கப்பட்டவை அவை. நம் யாழ்ப்பாணத்து முறையில் கோதுமை மா கலந்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டிக் கலக்கும் மாவு அந்தக் குழாய்முனையில் அடைத்துக்கொள்ளும். வாங்குவதற்கு முன்னர் கடையின் சொந்த மாவைக் கொண்டுபோய் அந்த இயந்திரத்தில் வார்த்துப் பார்க்க வேண்டும். விற்பனையாளரின் மாவில் வார்த்துக் காட்டுவதை ஏற்கக் கூடாது.

இரவில் போடும் கொத்து ரொட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீனாவிலும் கொரியாவிலும் பெரிய உணவுச் சாலைகளில் சுழலும் உருளைச் சட்டிகள் வந்துவிட்டன. அடியில் மின்தூண்டல் அடுப்பு சூடாக்க, உருளை சரிந்து சுழன்று கிளற, எண்ணெயும் சோயாச் சாறும் உப்பும் குழாய்கள் வழியே கிராம் கணக்கில் விழும். அதில் கொத்து ரொட்டி செய்ய முடியுமா என்றால், முடியும். ரொட்டியை முன்பே இயந்திரத்தில் துண்டாக்கிவிட்டால் மிச்சமெல்லாம் கிளறல்தான். ஆனால் வரும் பண்டம் வேறு. தட்டையான இரும்புத் தகட்டில் கொத்தும்போது ரொட்டித் துண்டுகள் பரந்து கிடக்கின்றன; ஆவி உடனுக்குடன் மேலே போய்விடுகிறது; ஓரங்கள் சற்றே கருகி முறுகுகின்றன. உருளைக்குள் ஆவி தங்கிவிடுவதால் ரொட்டி மெத்தென்று ஊறிப் போகும். தவிர, கொத்துப் போடுபவர் இரண்டு தகடுகளாலும் கொத்தும் வேகத்திலேயே கோவாவிலிருந்து எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறது என்று கணித்து, குழம்பைக் கூட்டியும் குறைத்தும் ஊற்றுகிறார். கோவா மாரிக்கும் கோடைக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஐந்நூறு பேருக்கு ஒரே மாதிரியான கொத்து வேண்டும் என்னும் ஆடைத் தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலைக்கு உருளைச் சட்டியை நானே பரிந்துரைப்பேன். உங்கள் மாமாவின் கடைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குப் பதிலாகத் தகட்டின் உயரத்தைக் கொத்துப் போடுபவரின் இடுப்புக்கு ஏற்ப அமைத்து, புகை உறிஞ்சியைச் சரியாகப் பொருத்தி, மரக்கறியை இயந்திரத்தில் வெட்டிக் கொடுத்தால், அவருடைய மணிக்கட்டும் மூச்சும் இன்னும் பல ஆண்டுகள் தாங்கும்.

சுத்தம் பற்றி விற்பனையாளர்கள் அதிகம் பேசுவார்கள். கை படாத உணவு என்பார்கள். அதில் உண்மை உண்டு, ஆனால் பாதி உண்மை. கை படாத இடத்தில் குழாய் படுகிறது. உணவில் நுண்ணுயிர்கள் பெருகும் வெப்பநிலை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்டது. கொழும்பின் சமையலறை எந்த நேரமும் அதன் நடுவில்தான் இருக்கிறது. சோயாச் சாறு குழாயில் ஓரிரவு தங்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது; தேங்காய்ப்பால் தங்கினால் காலையில் புளித்துக் கிடக்கும். நம் சமையலின் பாதி தேங்காய்ப்பாலில் நடக்கிறது. எனவே எந்த இயந்திரத்தைக் காட்டினாலும், உணவு தொடும் பாகங்கள் எத்தனை, அவற்றைக் கருவி எதுவும் இல்லாமல் கழற்ற முடியுமா, கழற்றிக் கழுவித் திரும்பப் பூட்ட எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். இரவு வேலை முடிந்து களைத்து நிற்கும் ஓர் ஊழியர் அதை உங்கள் கண்முன்னே செய்து காட்டட்டும். நிறுவனத்தின் பொறியியலாளர் செய்து காட்டுவது கணக்கில் சேராது. மனிதரோடு பக்கத்தில் நின்று வேலை செய்யும் இயந்திரக் கை என்றால் இயந்திரக் கைகளின் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 10218 என்ற சர்வதேசத் தரத்துக்கு அது அமைந்திருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும். சூடான எண்ணெயைத் தூக்கும் கை ஒருவர் மேல் மோதினால் நேர்வது சாதாரண மோதல் அன்று.

மின்சாரத்தை மறந்துவிடக் கூடாது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் பார்த்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொட்டதால் நாடு முழுவதும் இருண்டது. எரிவாயு அடுப்பும் விறகடுப்பும் தெரிந்த சமையலறை அந்த நாட்களிலும் ஏதோ ஒரு விதமாகச் சோறு போட்டது. ஆகவே ஓர் இயந்திரத்தை வைக்கும்போது, அது நின்றுபோனால் அதே வேலையைக் கையால் செய்வதற்கு இடமும் பாத்திரமும் அறிந்த ஆளும் மிஞ்சியிருக்க வேண்டும். மா பிசையும் இயந்திரம் நின்றால் கையால் பிசையலாம். சமையலறை முழுவதையும் தானியங்கி வரிசையாக மாற்றிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். உதிரிப்பாகமும் இத்தோடு சேர்ந்த விடயம். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த ஆண்டுகளில் ஒரு சிறு மின்சுற்றுப் பலகைக்காக மாதக் கணக்கில் மூடிக் கிடந்த இயந்திரங்களை நான் அறிவேன். மோட்டர், பெயரிங், பட்டி என்று கொழும்பின் பஞ்சிகாவத்தையில் தேடிப் பிடிக்கக்கூடிய பாகங்களால் ஆன இயந்திரம், திறமை சற்றுக் குறைந்ததாக இருந்தாலும் நம் கடைக்கு அதுவே உறுதியான துணை.

இனி உங்கள் எதிர்காலம் பற்றிய கேள்வி. 2013இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரே, ஒஸ்போர்ன் இருவரும் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் கணினிமயமாகும் ஆபத்து மிக்கவை என்று சொன்னது. உணவகச் சமையலாளரையும் பரிமாறுபவரையும் அதிக ஆபத்துள்ள பக்கத்திலும், தலைமைச் சமையற்கலைஞரைக் குறைந்த ஆபத்துள்ள பக்கத்திலும் வைத்தது. இன்றும் பலர் அந்த எண்ணைக் காட்டி மாணவர்களைப் பயமுறுத்துகிறார்கள். அந்த ஆய்வு அளந்தது தொழில்நுட்பத்தால் முடியுமா என்பதை. ஒரு கடை முதலாளிக்கு அது கட்டுப்படியாகுமா, வாடிக்கையாளர் ஏற்பாரா என்பதை அன்று. நான் மேலே போட்ட கணக்கு அந்த இடைவெளியைத்தான் காட்டுகிறது. எனினும் முற்றாக ஆறுதல் சொல்லவும் மாட்டேன். விமானச் சாப்பாடு, மருத்துவமனைச் சாப்பாடு, தொழிற்சாலைச் சாப்பாடு, சங்கிலித் துரித உணவு ஆகியவற்றில் பொரிப்பது, அளப்பது, பொதி செய்வது எல்லாம் இயந்திரத்திடம் போகும். அங்கே வேலை கிடைக்கப்போவது, ஒரு கறியின் செய்முறையைக் கிராமாகவும் விநாடியாகவும் பாகையாகவும் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவருக்கும், வந்த பண்டத்தை ருசித்துப் பார்த்து எந்தப் படியில் பிழை என்று சொல்லத் தெரிந்தவருக்கும்தான். படிக்கும் காலத்திலேயே இந்த இரண்டையும் பழகுங்கள்.

ரோபோ என்றால் ஆளை வெளியே தள்ளுவது என்று மட்டும் எண்ண வேண்டியதில்லை. டோக்கியோவின் நிஹொன்பாஷியில் 2021இல் திறக்கப்பட்ட டோன் என்ற காபிக் கடையில் ஒரிஹிமே என்ற ரோபோக்கள் வாடிக்கையாளரோடு பேசி ஓடர் எடுக்கின்றன. அவற்றை இயக்குபவர்கள் படுக்கையை விட்டோ வீட்டை விட்டோ வெளியே வர இயலாத மாற்றுத்திறனாளிகள். தம் வீட்டிலிருந்தே இணையம் வழியாகப் பேசுகிறார்கள், சம்பளம் பெறுகிறார்கள். இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நினைவுக்கு வருகின்றன. போரில் காலையோ முள்ளந்தண்டின் வலுவையோ இழந்து, நல்ல பேச்சும் அறிவும் இருந்தும் வேலையின்றி வீட்டில் இருப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். கொழும்புக் கடையின் தொலைபேசி ஓடரையும் மேசைத் திரையில் வரும் கேள்வியையும் அவர்களில் ஒருவர் அங்கிருந்தே தமிழிலும் சிங்களத்திலும் கவனிக்க, விலையுயர்ந்த ரோபோ கூடத் தேவையில்லை. ஒரு கைக்கணினியும் நிலையான இணைய இணைப்பும் போதும். உங்கள் கல்லூரியில் செயற்றிட்டம் ஒன்று செய்ய வேண்டி வந்தால், பூனை முக ரோபோவை விட்டுவிட்டு இதைச் செய்து பாருங்கள். என்னால் இயன்ற உதவியைச் செய்வேன்.

மாமாவிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். எந்த இயந்திரத்தை வாங்கினாலும் வாங்கும் முன்னரே ஊழியர்களை அழைத்து, இதனால் யாரும் வேலையிழக்க மாட்டார்கள், சேவைக் கட்டணத்தில் அவரவர் பங்கு குறையாது என்று உறுதி கொடுக்க வேண்டும். பில்லில் சேர்க்கும் 10 சதவீதத்தை நம்பித்தான் பலருடைய வீட்டுச் செலவு ஓடுகிறது. அந்தப் பயம் தீராத வரை இயந்திரத்தை அவர்கள் அக்கறையோடு கழுவவும் மாட்டார்கள், அதில் வரும் சிறு சத்தத்தைக் கவனித்துச் சொல்லவும் மாட்டார்கள். ஆறு மாதத்தில் அது மூலையில் கிடக்கும்.

முதலில் செய்ய வேண்டியது அளவெடுப்பதுதான். காலை, மதியம், இரவு என்று ஒரு வாரத்துக்கு எத்தனை தட்டுகள் கழுவப்படுகின்றன, ரொட்டிக்கும் தோசைக்கும் எத்தனை கிலோ மா போகிறது, கழுவும் இடத்தின் நீள அகலம் என்ன, அங்கே மும்முனை மின்னிணைப்பு உண்டா, தண்ணீர் எந்த அழுத்தத்தில் வருகிறது என்பவற்றைக் குறித்து அனுப்புங்கள். அவற்றைப் பார்த்த பிறகு, எந்தக் கொள்ளளவு மா பிசையும் இயந்திரமும் எந்த வகைத் தட்டுக் கழுவியும் அந்தக் கடைக்குப் போதும் என்று என்னால் எழுத முடியும்.